அச்சேறுமுன் ஆய்தல்: அமெரிக்க நாவல் ஒன்றின் வரலாறு

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென வகுத்தது நன்னூல். அவற்றுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்பன இலக்கண நூல்களுக்கே உரியன என்று கருதுவாரும் உளர். புனைகதைக்கும் அவை தக்க அளவுகோலாம் என்பது எம் துணிபு. பண்டை நாளில் அரங்கேற்றத்தின்போது அவையோர் எழுப்பும் ஐயங்கள் நூலின் குறைகளைப் புலவர்க்குக் காட்டின. அச்சுக்கலை பரவியபின் அவையோரின் இடத்தை எய்தியவர் பதிப்பாசிரியர். அவர் பணியின் பயனையும் எல்லையையும் அமெரிக்க நாவலாகிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம். அதன் கையெழுத்துப்படியும் அச்சுப்படிகளும் ஆசிரியரும் பதிப்பாசிரியரும் எழுதிக்கொண்ட மடல்களும் அழியாது எஞ்சியமையின், ஊகத்திற்கு வேலை குறைவு.

ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு இந்நாவலை 1924-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தங்கியிருந்தபோது எழுதி, அக்டோபர்த் திங்களின் இறுதியில் நியூயார்க் நகரத்து ஸ்கிரிப்னர் பதிப்பகத்திற்கு அனுப்பினார். அங்குப் பதிப்பாசிரியராக இருந்தவர் மாக்ஸ்வெல் பெர்க்கின்ஸ். அவர் 1924 நவம்பர் 20-ஆம் நாள் எழுதிய மடல் பதிப்புக்கலை பயில்வோர் ஊன்றிக் கற்கத் தக்கது. நாவலை மனமாரப் பாராட்டிய அவர், குறைகளையும் மறையாது கூறினார். ஏனைய மாந்தர் கண்முன் நிற்பவும், தலைவனாகிய கேட்ஸ்பி மட்டும் உருவம் தெளியாது மங்கித் தோன்றுகின்றான். அவனுடைய பெருஞ்செல்வம் எவ்வழி வந்தது என்பதற்குக் குறிப்பேனும் வேண்டும். அவன் முன்வரலாறு ஓரிடத்திலேயே குவிந்து கிடப்பதால் கதையின் போக்குத் தடைப்படுகின்றது. இவையே அவர் காட்டியவற்றுள் தலையாயவை. நன்னூலார் கேட்டிருப்பின் மயங்க வைத்தல் என்றும் குன்றக் கூறல் என்றும் பெயரிட்டிருப்பார்.

பிட்ஸ்ஜெரால்டின் மறுமொழி வியப்பிற்குரியது. கேட்ஸ்பியின் தோற்றம் எத்தகையது, அவன் தொழில் யாது என்பன தமக்கே தெரியாதிருந்தன என்றும், அக்குறையையே பெர்க்கின்ஸ் உணர்ந்துகொண்டார் என்றும் அவர் எழுதினார். படிப்பவர் மயக்கத்திற்கு வேர் படைப்பவர் மயக்கத்திலேயே இருந்தது என்பது இதனாற் புலப்படும். பின்னர் உரோமை நகரில் தங்கி, 1925 சனவரி, பிப்ரவரித் திங்கள்களில், அச்சுக்கோத்து வந்த படிகளிலேயே அவர் பெருந்திருத்தங்கள் செய்தார். ஆறாம், ஏழாம் இயல்கள் பெரும்பகுதியும் புதியனவாயின. எட்டாம் இயலில் கிடந்த கேட்ஸ்பியின் இளமை வரலாற்றின் ஒரு பகுதி ஆறாம் இயலுக்கு ஏறியது. அவன் செல்வத்தைப் பற்றிய குறிப்புகள் கதையினூடே தூவப்பெற்றன. கோத்த அச்சைக் கலைத்து மீண்டும் கோப்பது பதிப்பகத்தார்க்கு எத்துணைச் செலவும் தொல்லையும் தரும் என்பதை அச்சகம் அறிந்தோர் அறிவர். திருத்தப்பெறாத அச்சுப்படியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு ‘டிரிமால்கியோ’ என்னும் பெயரில் தனி நூலாக வெளியிட்டுள்ளது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு வேறு சான்று வேண்டா. பெர்க்கின்ஸே நாவலைச் சமைத்தார் என்பது மிகை. அவர் வினவினார், திருத்தி எழுதியவர் ஆசிரியரே.

ஆயினும் 1925 ஏப்ரல் 10-ஆம் நாள் வெளிவந்த அந்நூல் குற்றமற்றதன்று. கதை 1922-ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்வது. டெய்சியின் திருமணம் 1919 சூனில். மகள் பிறந்தது அடுத்த ஏப்ரலில். ஆகவே குழந்தைக்கு அகவை இரண்டே. தாயோ முதல் இயலிலேயே மூன்று என்கின்றாள். இது மாறுகொளக் கூறல். விளம்பரப் பலகையில் வரைந்த கண்களுக்கு ஒரு கச உயர விழித்திரை உண்டு என்பதும் பொருந்தாது. விழித்திரை கண்ணின் உட்புறத்தே இருப்பது. கதையமைப்பைக் காண்பதில் கூர்மை மிக்க பெர்க்கின்ஸ் இத்தகைய சிறு பிழைகளைக் களைவதில் வல்லவர் அல்லர். 1920-இல் அவர் வெளிக்கொணர்ந்த பிட்ஸ்ஜெரால்டின் முதல் நாவல், மலிந்த எழுத்துப் பிழைகளால் நாளிதழ்ப் பத்தியாளரின் எள்ளலுக்கு ஆளாயிற்று. ஆகவே பதிப்புக்கு இருவகைக் கண் வேண்டும். இரண்டும் ஒருவர்பால் அமைதல் அரிது.

இனி, திருத்தமே குற்றமாகிய இடம் ஒன்று உண்டு. நாவலின் இறுதிப் பக்கத்தில் எதிர்காலத்திற்கு அடைமொழியாக ‘ஆர்கேஸ்டிக்’ என்னும் அருஞ்சொல்லை ஆசிரியர் ஆண்டிருந்தார். அச்சொல்லைப் பற்றி 1925 சனவரியிலேயே பெர்க்கின்ஸுக்கு விளக்கம் எழுதி, தாம் கருதிய பரவசத்தை அதுவே உணர்த்தும் என்றும் உறுதி கூறினார். 1940 டிசம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய நண்பரும் திறனாய்வாளருமான எட்மண்டு வில்சன் நாவலை மறுபதிப்பிற்கு ஒழுங்கு செய்தபோது, அச்சொல்லைப் பிழையெனக் கருதி, ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டி, களியாட்டத்தைக் குறிக்கும் ‘ஆர்ஜியாஸ்டிக்’ ஆக்கிவிட்டார். அம்மறுபதிப்பை வெளியிட்டதும் அதே ஸ்கிரிப்னர் பதிப்பகம். பெர்க்கின்ஸும் அப்பொழுது அங்கேயே பணியாற்றிவந்தார். எவரும் தடுத்திலர். வில்சன் கற்றறிந்தவர், நண்பர்பால் அன்புடையவர். அதனாலேயே அவர் கை துணிந்தது போலும். பதிப்பாசிரியர் ஐயுற்ற இடத்தில் வினவலாம். வினவுதற்கு ஆசிரியர் இல்லாதவிடத்து அவர் விட்டுச்சென்ற ஏடுகளையேனும் புரட்டுதல் வேண்டும். கூட்டிய அந்த ஓரெழுத்து பின்வந்த பதிப்புகள் பலவற்றிலும் தொடர்ந்து இடம்பெற்றது. மாத்யூ புருக்கோலி ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் பதிப்பில் ஆசிரியர் எழுதிய சொல்லே காணப்படுகின்றது.