கிட்டியும் அண்ணாந்தாளும்: சென்னை மாகாணப் போலீஸ் பிறந்த கதை

திருடனைப் பிடிக்கத்தான் போலீஸ் தோன்றியது என்று நாம் நினைக்கிறோம். சென்னை மாகாணத்தில் கதை வேறு. அங்கே போலீஸ் என்று தனியாக ஒரு துறை உருவானதற்கு முக்கியமான காரணம், அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர்கள் மக்களை அடித்து வதைத்ததுதான்.

1816-ம் ஆண்டுச் சட்டங்களின்படி கலெக்டரே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே தாசில்தார்தான் வரி வசூலிப்பவர், தாலுகா போலீசுக்கும் அவரே தலைவர். கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் நேரடியாக அரசுக்குப் பணமாக வரி கட்ட வேண்டும். மழை பொய்த்தாலும் கிஸ்தி தேதி மாறாது. வரி கேட்கிற கையிலேயே தடியும் இருந்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

1852-ல் கசுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் இதையெல்லாம் மனுவாக எழுதி லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1853-ல் டான்பி சீமோர் என்ற எம்.பி. சென்னைக்கே வந்து நிலைமையைப் பார்த்தார். 1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. அதன் பிறகு எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைந்தது.

கமிஷனிடம் வந்த புகார்கள் 1,959. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். மற்றவை கடிதங்கள். பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலம், ஊருக்குத் திரும்பினால் அதே தாசில்தார் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்படியும் 519 பேர் வந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்!

1855-ல் வந்த அறிக்கையில் உள்ள பட்டியலைப் படிக்கவே மனம் கூசும். விரல்களை மரக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிப்பது கிட்டி. உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே விட்டுவிடுவது அண்ணாந்தாள். வெயிலில் நிற்க வைப்பது, சாப்பிட விடாமல் தடுப்பது, தலைமயிரைக் கழுதை வாலில் கட்டுவது, மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டிலேயே அடைக்கச் செய்வது... இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பாக்கி வைத்தவன் வீட்டில் ஒரு சேவகனை உட்கார வைப்பார்கள், அவனுக்குத் தினக்கூலியையும் அந்தப் பாக்கிக்காரனே கொடுக்க வேண்டும்! வரிக்காக நடந்த இதே கொடுமை, திருட்டு வழக்கில் வாக்குமூலம் வாங்கவும் நடந்தது.

ஆனால் கமிஷன் பழி முழுவதையும் இந்திய அதிகாரிகள் மேல் போட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் இதை ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதும்போது இந்த முடிவை ஏற்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு வரி என்று முடிவு செய்தது யார்? தாசில்தாரா?

ஒரு உருப்படியான விளைவு மட்டும் இருந்தது. வரி வேலையையும் போலீஸ் வேலையையும் பிரிக்க வேண்டும் என்று கமிஷன் சொன்னது. 1859-ல் சென்னை போலீஸ் சட்டம் வந்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் தனிப் போலீஸ் படை அமைந்தது. 1861-ல் இந்தியப் போலீஸ் சட்டம் வந்தது. போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்ற விதியும் அதே 1861-ல் நடைமுறைச் சட்டத்தில் ஏறி, 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ம் பிரிவானது. தன் போலீசையே நம்பாமல் ஒரு அரசு எழுதிய சட்டம்! 2024-ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23-ம் பிரிவாகத் தொடர்கிறது.

புதிய படை வந்ததும் அடி நின்றுவிட்டதா என்றால், இல்லை. 1902-ல் அமைந்த பிரேசர் கமிஷன் போலீசில் லஞ்சமும் கொடுமையும் மலிந்திருப்பதாகவே எழுதியது. வரிக்காக அடிப்பது மெல்லக் குறைந்தது, வாக்குமூலத்துக்காக அடிப்பது போலீஸ் நிலையத்துக்கு இடம் மாறியது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. அதற்கான மசோதா 2010-ல் மக்களவையில் நிறைவேறி, சட்டமாகாமலேயே காலாவதியானது.

அடிபட்டவர்கள் கதை இன்னும் மோசம். விரல் நசுங்கிய குடியானவனுக்கு என்ன கொடுப்பது என்பதற்கு 1859 சட்டத்திலும் வழி இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசே நஷ்டஈடு தரும் திட்டம் வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு சேர்ந்தது 2008-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அந்த 519 பேர் சென்னைக்கு நடந்து வந்து 150 வருஷம் கழித்து.