தேயிலை மலையில் நஞ்சின் சரித்திரம்

கொத்மலை அணைக்கட்டின் மேல் நின்று பார்ப்பவருக்கு நாற்புறமும் பசுமையே தென்படும். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்துக்கு, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளைக் கழுவிக்கொண்டுதான் கொத்மலை ஓயா வருகிறது. அம்மலைகளில் தெளிக்கப்படும் நஞ்சுகள் எப்போது வந்தன, எவர் பொருட்டு வந்தன, எவர் பொருட்டு நிறுத்தப்பட்டன என்று கேட்டுப் பார்ப்போமாயின் மலையகச் சரித்திரத்தின் ஒரு பக்கம் நமக்குத் தெளிவாகும்.

ஒரே பயிரை மலை மலையாக நட்டால் அதைத் தின்னும் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைத்ததாகும். 1869இல் கோப்பியில் கண்ட இலைத்துரு நோய் இதைத்தான் காட்டிற்று. கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தூவிப் பார்த்தார்கள், கோப்பி பிழைக்கவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. துரைமார் பயிரை மாற்றினார்களேயன்றி முறையை மாற்றவில்லை.

தேயிலைக்கும் பகைவர் தோன்றினர். இலைகளை ஒட்டி மடித்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று தோட்டங்களை வாட்டியது. அதை அடக்க 1935-36இல் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். (குளவி என்றதும் கொழுந்தெடுப்போரைக் கொட்டிக் கொல்லும் பெருங்குளவியை நினைக்க வேண்டாம், இது மனிதரைத் தீண்டாத சிற்றுயிர்.) அது புழுவின் உடலிலேயே முட்டையிட்டு அதன் குலத்தை ஒடுக்கியது. சம்பளமும் லயமும் கேட்காத காவற்காரன் கிடைத்தான்.

பின்னர் இரசாயன யுகம் பிறந்தது. 1934-35இல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவை, 1946 முதல் வீடு வீடாகத் தெளிக்கப்பட்ட டி.டி.டி. பெரிதும் அடக்கியது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்புகழின் நிழலில் அதன் உறவினமான டீல்ட்ரின் தோட்டத்துக்குள் நுழைந்தது. 1950, 60களில், தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டைக் கொல்ல அதைத் தெளித்தார்கள். அது யாவாக் குளவியையும் கொன்றது. இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடந்த இலைமடிப் புழு மீண்டும் படையெடுத்தது. தலவாக்கலை சென் கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரே இதைக் கண்டு எழுதினர். ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இல் வெளிவந்து உலகை உலுக்கிற்று. அதே பாடத்தை நமது மலைகளே அக்காலத்தில் படித்துக்கொண்டிருந்தன. டீல்ட்ரின் மனித உடற்கொழுப்பிலும் தங்கும் நஞ்சு. 2001ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க முற்பட்ட பன்னிரண்டு இரசாயனங்களில் அதுவும் ஒன்று.

இந்நஞ்சை முதுகிற் சுமந்தவர் யார்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள். வாக்கில்லாதவன் மூச்சில் என்ன கலந்தாலும் பாராளுமன்றத்தில் கேள்வி எழுமா?

களைநாசினி வந்தது அதற்கும் மேலான கதை. சுரண்டியால் பலர் நாள் முழுவதும் செய்த புல்வெட்டை, மருந்துத் தாங்கி சுமந்த ஒருவன் செய்து முடித்தான். களைநாசினி களையை மட்டுமன்று, பிரட்டில் பேரையும் குறைத்தது. உடலிற் சென்றால் முறிமருந்தில்லாத பரகுவாட் 2008 முதல் படிப்படியாகத்தான் விலக்கப்பட்டது. வெறுமையான மருந்துக் கலன் பீலிக்கரையில் கழுவப்பட்டுத் தண்ணீர்ப் பாத்திரமாக லயத்துக்குள் புகுவதை நாம் கண்டிருக்கிறோம். அறியாமை என்று இதைத் தள்ளிவிடும் கனவான்கள், கலனின் மேலிருந்த எச்சரிக்கை எத்தனை சிறிய எழுத்தில் இருந்ததென்று பார்த்ததுண்டா?

2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளைப் பீடித்த சிறுநீரக நோய். (இக்காரணத்தைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்தில்லை.) களை வளர்ந்தது. தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. அவற்றுள் எம்.சி.பி.ஏ. என்பதன் எச்சம் தேயிலைத் தூளிற் கிடப்பதாக யப்பான் குறை கூறியது. தனி வரம்பு விதிக்கப்படாத நஞ்சுகளுக்கு யப்பான் வைத்திருக்கும் பொது அளவு பத்துக் கோடியில் ஒரு பங்கு! குடிப்பவரின் கோப்பைக்கு இத்தனை நுட்பமான காவல் இருப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தெளித்தவனின் நனைந்த சட்டையை எந்தத் துறைமுகத்தில் எவர் சோதித்தார்? 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மறுபடி அனுமதிக்கப்பட்டது. அந்த முடிவுக்குக் காரணம் ஏற்றுமதிக் கணக்கே.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் நாசினிகளும் ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டன. நஞ்சு நின்றதே என்று மகிழவும் தொழிலாளிக்கு வழியில்லை. பசளையின்றிக் கொழுந்து குறைந்தது. நிறுவைக்காரன் கேட்ட கிலோ குறையவில்லை. குறைவாகக் கொண்டுவந்தவளுக்கு அரைப்பேர் விழுந்தது. இடுப்பளவு புல்லுக்குள் அட்டையை உதறிக்கொண்டே அவள் நிரை பிடித்தாள். நவம்பரில் உத்தரவு கைவிடப்பட்டது. தாங்கிகள் மீண்டும் மலையேறின.