கோடும் கொள்கையும்

பாடசாலை வினாத்தாளுக்கு நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் அளவு, 1922-ம் ஆண்டில் ஜேர்மனியில் வகுக்கப்பட்ட நியமத்திலிருந்து வந்தது. எத்தனை முறை பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாமை அதன் சிறப்பு. இத்தகைய பொது நியமங்களை ஆவலுடன் வரவேற்று, அச்சுப் பக்கத்தையே புதிதாக ஒழுங்கு செய்ய முனைந்த ஓர் இயக்கம் அக்காலத்தில் அந்நாட்டில் எழுந்தது. அதன் வரலாற்றை நோக்குமிடத்து, உருவத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு பற்றி நாம் எளிதாகக் கூறிவரும் சில முடிவுகள் தடுமாறக் காண்போம்.

போரில் தோற்ற ஜேர்மனியில் 1919-ம் ஆண்டில் பௌஹவுஸ் கலைக்கூடம் நிறுவப்பட்டது. ருஷ்யப் புரட்சியின் கலைஞருள் ஒருவரான எல் லிசிற்ஸ்கி பேர்லினில் நூல்களை வடிவமைத்தார். இவ்விரு ஊற்றுக்களிலிருந்தும் ஊக்கம் பெற்றவர், லைப்சிக் நகரத்துப் பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருவரின் மகனான யான் சிகோல்ட். 1928-ம் ஆண்டில் அவருடைய ‘புதிய அச்சுக்கலை’ என்னும் நூலை வெளியிட்டது, ஜேர்மன் அச்சுத் தொழிலாளரின் கல்விச் சங்கமாகும். கலாரசிகரை அன்று, அச்சுக்கோப்போரை நோக்கியே அந்நூல் பேசிற்று.

அதன் வாதம் தெளிவானது. பழைய முறையில் சொற்கள் பக்கத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக நிறுத்தப்பட்டன. முன்னரே வகுத்த உருவத்துக்குள் செய்தி அடைக்கப்பட்டது. அதற்கு மாறாக, செய்தியின் பொருளும் முதன்மையுமே எழுத்தின் அளவையும் இடத்தையும் தீர்மானித்தல் வேண்டும் என்றார் சிகோல்ட். வெற்றிடமும் பக்கத்தின் உறுப்பாயிற்று. ஜேர்மன் தேசியத்தின் சின்னமாகிய ‘பிராக்டூர்’ எழுத்து விலக்கப்பட்டு, அலங்கார நுனிகளற்ற எளிய எழுத்து சர்வதேச எழுத்தாகக் கொள்ளப்பட்டது.

1933-ம் ஆண்டில் நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் சிகோல்ட் கைது செய்யப்பட்டார். ‘கலாசாரப் போல்ஷெவிசம்’ என்பது இத்தகையோர்மீது அவர்கள் சுமத்திய பழி. விடுதலையானபின் அவர் சுவிற்சர்லாந்து சென்றார். பௌஹவுஸும் அவ்வாண்டே மூடப்பட்டது. கதை இவ்வளவில் முடிந்திருப்பின், எளிய எழுத்து முற்போக்கு, பழைய எழுத்து பிற்போக்கு என்று நாம் எழுதி வைத்திருக்கலாம்.

ஆனால் வரலாறு அவ்வாறு நிற்கவில்லை. 1938-ம் ஆண்டில், புகன்வால்ட் வதைமுகாமின் வாயிற்கதவுக்கு ‘அவரவர்க்கு உரியது’ என்னும் கொடிய வாசகத்தை வரையுமாறு பணிக்கப்பட்டவர், அங்கே கைதியாயிருந்த கம்யூனிஸ்ட் பிரான்ஸ் ஏர்லிச். பௌஹவுஸ் மாணவரான அவர், தாம் கற்ற நவீன எழுத்திலேயே அதை வரைந்தார். அவரது அடங்காமை அதில் ஒளிந்துள்ளது என்று கொள்வோர் உளர். எனினும், அக்கதவுக்குள் மாண்டோரை அவ்வெழுத்துக் காக்கவில்லை. 1941-ம் ஆண்டிலோ, நாஸிகளே பிராக்டூரை ‘யூத எழுத்து’ எனப் பழித்து விலக்கினர்.

சிகோல்டும் மனம் மாறினார். 1946-ம் ஆண்டில் மக்ஸ் பில் அவரைப் பின்வாங்கியவரெனச் சாட, புதிய அச்சுக்கலையின் விட்டுக்கொடாமையிலேயே நாஸி மனப்பாங்கின் சாயல் உண்டென அவர் பதிலிறுத்தார். ஆயினும் அம்முறை சுவிற்சர்லாந்தில் மேலும் வளர்ந்தது. பக்கத்தை நிரல்களாகவும் கட்டங்களாகவும் பகுத்து, எழுத்தையும் படத்தையும் அவற்றின் எல்லையில் நிறுத்தும் ஒழுங்கை யோசப் முல்லர்-புரொக்மன் முதலியோர் வகுத்தனர். 1957-ம் ஆண்டில் அங்கு வார்க்கப்பட்டுப் பின்னர் ‘ஹெல்வெற்றிக்கா’ எனப் பெயர் பெற்ற எழுத்து, உலகின் பெருங் கம்பனிகளின் முத்திரையாயிற்று. தொழிலாளர் சங்கம் பரப்பிய கொள்கை, சில பத்தாண்டுகளில் முதலாளியின் விளம்பரத்துக்கு உடையாயிற்று.

உருவமா, உள்ளடக்கமா என்று நம்மிடையே நடக்கும் விவாதத்துக்கு இவ்வரலாறு தரும் பாடம் என்ன? உருவம் பொருளற்றது என்பதன்று. பொருளற்றதாயின் நாஸிகள் சிகோல்டைச் சிறையிட்டிரார். ஆனால் எந்த உருவமும் தன்னைப் படைத்தோரின் நோக்கத்தைத் தானாகவே காத்துக்கொள்வதில்லை. வாசிப்பவனுக்குச் செய்தி தெளிவாகச் சென்று சேர்தல் வேண்டும் என்ற சிகோல்டின் முதற் கோரிக்கை இன்றும் செல்லுபடியாகும். அச்செய்தி யாருடையது, யாருக்காகச் சொல்லப்படுகிறது என்ற வினாவையோ, ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்டே ஆகவேண்டும்.