முன்ஷி அப்துல்லாவும் இரண்டு முதலாளிகளும்

சிங்கப்பூரின் ஆசிரியர் குடியிருப்புப் பேட்டையில் பல தெருக்களுக்குக் கவிஞர்களின் பெயர்கள். தாகூர், காளிதாசர், இக்பால், உமர் கய்யாம், லி போ, து ஃபு. அவர்களுக்கு நடுவே முன்ஷி அப்துல்லா அவென்யூவும் இருக்கிறது. அப்துல்லாவும் செய்யுள் எழுதியவர்தான். ஆனால் அவருக்குச் சோறு போட்டது செய்யுள் இல்லை. கடிதம் எழுதிக் கொடுப்பது, மொழி சொல்லிக் கொடுப்பது, ஒருவர் பேசியதை இன்னொருவருக்குப் புரிய வைப்பது. சுருக்கமாகச் சொன்னால் மொழிபெயர்ப்புத் தொழில்.

2019இல் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு புதிய சிலைகளை வைத்தார்கள். சங் நீல உத்தமா, டான் டோக் செங், நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அப்துல்லாவைச் சொல்வது வழக்கம். அவருடைய முன்னோருக்கு நாகூர்த் தொடர்பு உண்டு என்று தெரிந்ததும் நம்மில் பலர் "அப்போ அவர் நம்ம ஆளு" என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் யாருடைய ஆள் என்பதைவிட, யாருக்காக வேலை செய்தார் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அப்துல்லா 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே திருமணம் செய்துகொண்டவர். அந்த வழியில் வந்த தாத்தா மலாக்காவில் குடியேறினார். சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட பிறகு அப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவின் வசதியான குடும்பங்களில் அது பரம்பரை வழக்கம் என்று அப்துல்லாவே எழுதியிருக்கிறார். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும், ஊர் முழுக்க இந்திய வணிகர்கள் இருந்ததால் பேச்சுக்கும் வேண்டும். இன்றைக்குத் தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறோம். இருநூறு வருடங்களுக்கு முன்பு இதே கடற்கரையில், வேலைக்கு ஆகும் என்பதற்காகவே பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைத்திருக்கிறார்கள். மலாய்மொழி கடையைக் கெடாய் என்றும், பெட்டியைப் பெத்தி என்றும், கப்பலைக் காப்பால் என்றும் சொல்வது அந்தத் துறைமுக வாழ்க்கையின் மிச்சம்தான்.

மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்துப் பதிலுக்கு அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவர்கள் வைத்த பெயர்தான் முன்ஷி. எழுத்தர், மொழி ஆசிரியர் இரண்டையும் குறிக்கும் சொல். 1811இல் ஆங்கிலேயர்கள் ஜாவாவின் மீது படையெடுப்பதற்கு முன் ராஃபிள்ஸ் மலாக்காவில் வந்து தங்கினார். மலாய் அரசர்களுக்கு எழுதும் கடிதங்களுக்கும் சுவடிகளைப் படியெடுக்கும் வேலைக்கும் ஆட்களைச் சேர்த்தார். அந்த எழுத்தர்களில் அப்துல்லாவும் ஒருவர்.

மலாய் அரச கடிதம் லேசான விஷயம் இல்லை. யாருக்கு எழுதுகிறோமோ அவருடைய தகுதிக்கு ஏற்ற புகழ்மொழி, தலைப்பு வாசகம், முத்திரை குத்தும் இடம் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. முத்திரையை இடம் மாற்றிக் குத்தினாலே "நான் உன்னைவிடப் பெரியவன்" என்று சொன்னதாக ஆகிவிடலாம். கம்பெனி அதிகாரிக்கு அது மை. மலாய் அரசருக்கு அது மரியாதை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்துல்லா மாதிரியான எழுத்தர்கள்.

சிங்கப்பூர் 1819இல் கம்பெனியின் துறைமுகமான பிறகு அப்துல்லாவும் இங்கே வந்துபோய் வேலை பார்க்கத் தொடங்கினார். ஐரோப்பிய வணிகர்களுக்கும் பாதிரிமார்களுக்கும் மலாய் சொல்லிக் கொடுத்தார், அரசர்களுக்குப் போகவேண்டிய கடிதங்களை எழுதினார், அச்சு வேலையிலும் கை கொடுத்தார். 1838இல் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு கிளந்தானின் உள்நாட்டுச் சண்டையில் மாட்டிக்கொண்டபோது, ஆளுநரின் கடிதங்களோடு கப்பல் ஏறிப்போனார். இன்றைய கணக்கில் பார்த்தால் ஒரே ஆள் நடத்திய மொழிபெயர்ப்பு நிறுவனம்.

இன்று இங்குள்ள எந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் அறிமுகத்தைப் படித்தாலும் துல்லியம், ரகசியம் காத்தல், நேரம் தவறாமை, நாங்கள் வாழும் நகரத்தின் மீது எங்கள் பொறுப்பு என்று விழுமியங்கள் வரிசையாக இருக்கும். முதல் மூன்றும் காசு கொடுக்கும் வாடிக்கையாளருக்குச் சொல்லும் உறுதிமொழி. நான்காவது, காசு கொடுக்காத வாசகனுக்கு. மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் இரண்டு முதலாளிகள். கூலி தருபவர் ஒருவர், படிக்கப்போகிறவர் இன்னொருவர். இருவரும் ஒத்துப்போகும்வரை பிரச்சினை இல்லை. முரண்படும்போதுதான் அந்த நான்காவது விழுமியத்துக்குப் பொருள் உண்டா இல்லையா என்று தெரியும்.

அப்துல்லாவுக்கு அந்தச் சோதனை தாம்சன் என்ற பாதிரியாரிடம் வந்தது. தாம்சன் விவிலியத்தின் பகுதிகளை மலாயில் கொண்டுவந்தபோது அப்துல்லா உதவினார். இஸ்லாமியர் ஒருவர் இந்த வேலை செய்ததால் சொந்த சமூகத்திலேயே "அப்துல்லா பாதிரி" என்ற கேலிப் பெயரும் கிடைத்தது. ஆனால் அவருடைய மனக்குறை மதம் பற்றியது அல்ல, வாக்கியம் பற்றியது. தாம்சன் ஆங்கிலத்தின் அமைப்பை விட்டு நகரத் தயாராக இல்லை. சொற்கள் எல்லாம் மலாய், வாக்கியமோ மலாய் இல்லை. மலாய்க்காரர் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கூலி தருபவர் சொன்னபடியே செய்து கொடுத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் அவர் சொன்னதைச் செய்த ஒரு ஊழியர், அவ்வளவுதான். ஆனால் 1843இல் எழுதி முடித்து 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளியான தன்வரலாற்றில், ஹிக்காயத் அப்துல்லாவில், இந்த விவகாரத்தைப் பதிவு செய்துவிட்டார். அந்த மொழிபெயர்ப்பின் குறைகளுக்குத் தன்னைப் பழிக்காதீர்கள், தாம்சனின் விருப்பப்படிதான் அப்படி ஆனது என்று வாசகரிடம் நேரடியாகச் சொல்கிறார். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் அதில் இருக்கலாம். இருந்தாலும், கூலி கொடுத்தவரைத் தாண்டி வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிற்காலத்தில் கீஸ்பரி என்ற பாதிரியாரோடு அவர் வேலை செய்தபோது நிலைமை மாறியிருந்தது. கீஸ்பரிக்கு மலாய் ஓட்டத்தின் அருமை தெரியும். அப்துல்லாவின் உதவியோடு அவர் 1850களில் கொண்டுவந்த புதிய ஏற்பாடு முந்தையதைவிட நல்ல மலாயில் அமைந்தது.

இது பழைய கதை இல்லை. நான் வேலை பார்க்கும் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அறிவிப்புகள் நான்கு மொழிகளில் இருக்கும். ஒரு தளத்தில் தமிழ் வரி இப்படி இருந்தது: "மின்னோட்டத் துண்டிப்புப் பூட்டிடல் நடைமுறையை அனுசரிக்காது பணி தொடங்கலாகாது." புதுக்கோட்டைப் பக்கத்து ஊழியர் ஒருவர் கேட்டார்: "சார், இதுல என்ன போட்டிருக்கு?" "மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிப் பூட்டாம கை வைக்கக்கூடாதுண்ணே." "அத அப்படியே எழுதியிருக்கலாம்ல?" அந்த வரியில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. துல்லியம் இருந்தது, நேரத்துக்கும் வந்திருக்கும். மின்சாரத்தில் கை வைக்கப்போகிறவர் மட்டும் மொழிபெயர்த்தவரின் கணக்கில் இல்லை.

அப்துல்லாவை வெறும் நாயகனாக்கவும் முடியாது. அவர் ஆங்கிலேயர்களைப் புகழ்ந்த அளவுக்கு மலாய் அரசர்களைக் கண்டித்தார். கிளந்தான் பயண நூலில் அரசர்களின் கொடுமையால் குடிமக்கள் முன்னேறாமல் கிடப்பதைக் கடுமையாக எழுதினார். காலனியக் கண்ணாடி வழியாகவே தன் மக்களைப் பார்த்தவர் என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்ததில் நியாயம் உண்டு. சம்பளம் கொடுப்பவரின் பார்வை மெல்ல மெல்ல நம் பார்வையாகவே ஆகிவிடும் ஆபத்து இந்தத் தொழிலில் எப்போதும் இருக்கிறது.

ஆனால் அவர் நகரத்தின் பக்கம் நின்ற இடங்களும் இருக்கின்றன. 1830இல் சிங்கப்பூரிலும் 1847இல் கம்போங் கிளாமிலும் நடந்த தீவிபத்துகளைத் தனித்தனிச் செய்யுள் நூல்களாக எழுதி வைத்தார். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த, எழுத்து செதுக்கிய பெரும்பாறையைப் பற்றி நேரில் பார்த்தவராக எழுதியவரும் அவரே. அது இந்துக்களின் எழுத்து என்றார்கள் சிலர், சீன எழுத்து என்றார்கள் சிலர். யாராலும் படிக்க முடியவில்லை. 1843இல் கட்டட வேலைக்காகக் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். மீண்டும் உருவாக்க முடியாத ஒன்றை அழிக்கலாமா என்ற பொருளில் அப்துல்லா வருந்தி எழுதினார். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை அதைப் படித்தவர் இல்லை. பொறியாளனாக எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் உறுத்தும். அந்தப் பொறியாளரின் வரைபடத்தில் அது வழியை மறிக்கும் கல். அப்துல்லாவுக்கு, இன்னும் மொழிபெயர்க்கப்படாத பிரதி.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது. 1835இல் அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார். மலாக்காவில் இருந்த தமிழ் நண்பர் ஒருவர் துணையாக இருந்தார். கணக்கு எழுதுவதற்காகப் படித்த தமிழ் கடைசியில் கதை சொல்லப் பயன்பட்டது. தாம்சனிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த நல்ல மலாய் வாக்கியத்தை இங்கே அவரால் தன் விருப்பப்படி எழுத முடிந்திருக்கும். அப்துல்லாவை "நம்ம ஆளு" என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நாகூரைவிட இந்தப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லலாம்.

அவர் 1854இல் ஹஜ் பயணத்தின்போது இறந்தார். சிங்கப்பூர் அரசாங்கம் 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது, பொது அறிவிப்புகளில் மொழிபெயர்ப்புத் தரத்தை உயர்த்த வேண்டும் என்பதற்காக. 2020இல் ஊழியர் தங்கும் விடுதிகளில் கிருமி பரவியபோது, மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இடையே வங்காளத்திலும் தமிழிலும் பேச்சைக் கொண்டுசேர்க்கத் தொண்டூழியர்கள் முன்வந்தார்கள். அங்கே பில் கொடுப்பவர் யாரும் இல்லை. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்குப் புரிந்ததா என்பது ஒன்றுதான் தர அளவுகோல்.

ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் தன் நகரத்தின் மீது பொறுப்பு உண்டு என்று சொன்னால் நான் கேட்க விரும்புவது சின்னக் கேள்வி. அச்சுக்குப் போவதற்கு முன், அதைப் படிக்கப்போகிற ஒருவரிடம் காட்டினீர்களா? அவர் புரியவில்லை என்றால், காசு கொடுத்தவரிடம் போய் "இது வேலைக்கு ஆகாது" என்று சொல்வீர்களா? அப்துல்லா சொல்லிப் பார்த்தார், கேட்கப்படவில்லை, அதையும் எழுதி வைத்தார். அந்த அளவுக்காவது செய்தால் போதும், நான்காவது விழுமியத்தை நம்பலாம்.