பச்சைச் சுடரும் கார் ஏர்கோனும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், கிரியான் ஆற்றங்கரையில் கரும்பாலும் பின்னர் ரப்பராலும் வளர்ந்த நிபோங் திபால், 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையடையும் வரை, பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் இடையே ஓடிய வண்டிகள் வழக்கமாகக் கடந்த முதலாம் கூட்டரசுச் சாலையின் ஊராக இருந்தது. 1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்து அச்சாலையில் கார்கள் பெருகிய அக்காலத்தில், அவற்றின் ஏர்கோனில் சுழன்றது ஆர்-12 எனப்படும், குளோரின் கலந்த குளிர்வாயுவாகும்.

வாயு கசியும் இடத்தை அறிய உதவிய கருவிகளுள் ஒன்று ஹாலைடு விளக்கு. எரிவாயுச் சுடரால் சூடேறிய செப்புத் தகட்டின் மீது, குழாய் இணைப்புகளை அடுத்த காற்றை ஒரு ரப்பர்க் குழல் இழுத்துவர, அதில் குளிர்வாயு இருந்தால் சுடர் பச்சையாகும். எளிய உத்திதான், ஆயினும் எரியும்போது நச்சுவாயுவும் பிறந்தது.

ஆர்-12 போன்ற வாயுக்களின் குளோரின் ஓசோன் படலத்தை அரிப்பதை விஞ்ஞானிகளான மொலினாவும் ரோலண்டும் 1974இல் எடுத்துரைக்க, 1987இல் அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொண்ட்ரியால் உடன்படிக்கை உருவாகி, 1989இல் மலேசியாவும் அதில் இணைந்தது. மாற்றாக வந்த ஆர்-134ஏ வாயுவில் குளோரின் இல்லாததால் பச்சைச் சுடர் பயனற்றுப்போனது. பழைய கனிம எண்ணெய் அவ்வாயுவில் கரையாததால் கம்பிரசர் எண்ணெயையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மாறாதது அழுத்த அளவிகளைப் படிக்கும் முறையே. தாழழுத்தம், உயரழுத்தம் இரண்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் வாயுக் குறைவு; தாழழுத்தம் ஏறி, உயரழுத்தம் இறங்கியிருந்தால் கம்பிரசர் தேய்வு. கசிவை அடைத்த பின், வெற்றிடப் பம்பால் ஈரத்தை அகற்றாமல் கேஸ் அடித்தால், எஞ்சிய நீர் விரிவு வால்வில் உறைந்து குளிர்ச்சியைத் தடுக்கும்.