விசிறி வைத்த பெட்டி

எனது எழுத்து மேசையின் கீழ்த்தட்டில் அலுமினியப் பெட்டி ஒன்று பல ஆண்டுகளாகக் கிடக்கின்றது. செங்கல் ஒன்றின் பருமன்தான் இருக்கும். அதன் பின்புறத்தில் நான்கு சென்ரிமீற்றர் அகலமான சிறிய மின்விசிறி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. 2006ஆம் ஆண்டு கொழும்பில் அதனை வாங்கியபோது கடையில் நின்ற தம்பி சொன்னது இன்னும் நினைவில் இருக்கின்றது. "ஐயா, இதிலை ஃபான் இருக்கு. ஹார்ட் டிஸ்க் சூடாகாது. பயப்பிடாமல் எல்லாத்தையும் போட்டு வையுங்கோ."

அவ்வாறே போட்டு வைத்தேன். பதினைந்து ஆண்டுகாலக் கட்டுரைகள், படங்கள், ஒலிநாடாக்களில் இருந்து கணினிக்கு மாற்றிய நேர்காணல்கள் யாவும் அதற்குள் போயின. பின்னர் நடந்ததைச் சொல்வதற்கு முன்னர், இந்தப் பெட்டிக்குள் விசிறி எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

உலகின் முதலாவது வணிக வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரேனோல்ட் ஜோன்சன் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய அந்த இயந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. எடை ஒரு தொன்னுக்கும் அதிகம். கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. வாசிக்கும் முனை தட்டில் உராயாமல் இருப்பதற்காக, அழுத்தப்பட்ட காற்றை அதனூடாகச் செலுத்தி, மெல்லிய காற்றுப் படலம் ஒன்றின் மேல் அதனை மிதக்க வைத்தார்கள். 1961இல் வந்த ஐ.பி.எம். 1301 சாதனத்தில் அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. சுழலும் தட்டு தன்னோடு இழுத்துவரும் காற்றே முனையைத் தாங்கிக்கொண்டது. 1973இல் 'வின்செஸ்ரர்' என்று அழைக்கப்பட்ட ஐ.பி.எம். 3340 வந்தபோது, தட்டுகளும் முனைகளும் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டன. நாம் இன்று அறிந்த வன்தட்டின் உருவம் அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

எனவே, காற்று என்பது ஆரம்பத்திலிருந்தே வன்தட்டின் அவசியத் துணை. ஆனால் அதே காற்றே அதன் சுமையும் ஆனது. தட்டு சுழலும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு சுழல வேண்டும். அந்த உராய்வில் செலவாகும் சக்தி முழுவதும் வெப்பமாகின்றது. சுழல்வேகத்தை இரு மடங்காக்கினால் இவ்வெப்பம் ஏறத்தாழ ஏழு மடங்காகும் என்பதும், தட்டின் விட்டத்தை இரு மடங்காக்கினால் இருபது மடங்கையும் தாண்டும் என்பதும் பொறியியலாளர்களின் கணக்கு. தட்டுகள் ஏன் காலப்போக்கில் சிறுத்துக்கொண்டே வந்தன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1980இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல வன்தட்டை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட். 1983இல் ஸ்கொட்லாந்தின் ரொடைம் நிறுவனம் 3.5 அங்குலத்துக்கு வந்தது. 1988இல் 2.5 அங்குலத் தட்டு பிறந்தது.

உருவம் சிறுத்தபோதிலும் வேகம் ஓயவில்லை. 1980இன் சீகேட் தட்டு நிமிடத்துக்கு 3,600 தடவைகள் சுழன்றது. 1992இல் வந்த 'பரக்கூடா' 7,200 தடவைகள் சுழன்றது. 2000ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் எக்ஸ்15 வகை 15,000ஐத் தொட்டது. கணினிக்குள் இருக்கும்வரை இந்தச் சூட்டைக் கணினியின் விசிறி பார்த்துக்கொண்டது. வெளியே எடுத்துத் தனிப்பெட்டிக்குள் அடைத்தபோதுதான் சிக்கல் எழுந்தது.

வெளிப்புற வன்தட்டு 1980களிலேயே இருந்தது. எனினும், அதனைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது 2000இல் வெளியான யூ.எஸ்.பி. 2.0 தான். செக்கனுக்கு 12 மெகாபிட் என்றிருந்த வேகம் 480 ஆக உயர்ந்தது. வெறும் வன்தட்டை ஓரிடத்தில் வாங்கி, வெற்றுப் பெட்டியை இன்னோரிடத்தில் வாங்கி, திருகாணி முறுக்கித் தாமே பூட்டிக்கொள்ளும் பழக்கம் எங்கும் பரவியது. மேசைக் கணினிக்குரிய 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை, யூ.எஸ்.பி. கம்பி கொடுப்பதோ 5 வோல்ட். ஆகவே தனியான மின்வழங்கி ஒன்றும் பெட்டியோடு வந்தது. எட்டு வாட் அளவிலான வெப்பம், கையகலப் பெட்டிக்குள், போக வழியின்றி நின்றது. 60 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எல்லை வகுத்திருந்தார்கள். வெளியே 32 பாகை எரிக்கும் எங்கள் ஊர்களில் அந்த எல்லை வெகுதூரத்தில் இல்லை. அதனால் பெட்டியின் முதுகில் விசிறி வந்தது.

அந்த விசிறி நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பெட்டியிலுள்ள பாகங்களில் மிக மலிவானதும் மிக விரைவில் பழுதாவதும் அதுவே. சிறிய விசிறி போதிய காற்றைத் தள்ளவேண்டுமாயின் மிக வேகமாகச் சுழல வேண்டும், ஆகவே இரைச்சல். வெப்பத்தில் அதன் பெயரிங்கிலுள்ள எண்ணெய் உலரும், தூசி படியும், ஒருநாள் சத்தமின்றி நின்றுவிடும். நின்றதை அறிவிக்க மணியும் இல்லை, விளக்கும் இல்லை. வன்தட்டுக்குள் வெப்பமானி இருந்தது. ஆனால் அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றின் இடைமாற்றுச் சில்லு அதன் அளவீட்டைக் கணினிக்குக் கடத்துவதில்லை.

என் பெட்டியின் விசிறி 2008இல் நின்றது. பதறிப்போய்ப் புதிய விசிறி வாங்கிப் பூட்டினேன். இனிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

உண்மையில் அந்த நினைப்பு அதற்கு முன்னரே கேள்விக்குள்ளாகியிருந்தது. 2007 பெப்ரவரியில், வன்தட்டு பிறந்த அதே சான் ஹோசே நகரில் நடைபெற்ற மாநாடு ஒன்றில், கூகிள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவரும் ஓர் ஆய்வை முன்வைத்தனர். ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வன்தட்டுகளை அவர்கள் அவதானித்திருந்தார்கள். வெப்பம் ஏற ஏறப் பழுதும் ஏறும் என்பதே அதுவரை எல்லோரும் நம்பியது. அவர்களது புள்ளிவிபரங்களோ அவ்வாறு சொல்லவில்லை. மிதமான சூட்டில் இயங்கிய தட்டுகளைவிட, மிகக் குளிர்ச்சியாக இருந்தவையே அதிகம் பழுதாகியிருந்தன. மூன்று வயதைக் கடந்த தட்டுகளிலும் மிகையான வெப்பத்திலும் மாத்திரமே சூட்டின் தீங்கு தெளிவாகத் தென்பட்டது. அதைவிட அதிர்ச்சியான செய்தி இன்னொன்று: பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான முன்னறிகுறிகள் என்று அவர்கள் கண்ட நான்கில் ஒன்றையேனும் காட்டாமலே இறந்திருந்தன.

அதே மாநாட்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் இன்னோர் உண்மையை வெளியிட்டனர். தயாரிப்பாளர்களின் ஏடுகளின்படி ஆண்டொன்றில் நூற்றுக்கு ஒரு தட்டுக்கூடப் பழுதாகக் கூடாது. நடைமுறையிலோ பொதுவாக இரண்டு முதல் நான்கு வரை மாற்றப்பட்டன. சில இடங்களில் பதின்மூன்று வரை. அவர்கள் ஆராய்ந்தவை குளிரூட்டப்பட்ட பெரிய நிலையங்கள் என்பதை மறக்கக்கூடாது. அடைத்த பெட்டிக்குள் 60 பாகையைத் தாண்டும் தட்டுக்கு அந்த ஆய்வுகள் அபயம் அளிக்கவில்லை. விசிறி வேண்டியதே. ஆனால் விசிறி சுழல்வதனால் தட்டு பிழைக்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

இந்த ஆய்வுகளை நான் காலம் கடந்தே வாசித்தேன். 2009இல் ஒரு காலைப்பொழுது, பெட்டியை இயக்கியபோது 'டிக், டிக்' என்றொரு சத்தம் கேட்டது. கணினி எதனையும் காணவில்லை. தொட்டுப் பார்த்தேன், பெட்டி குளிர்ந்தே இருந்தது. விசிறி அப்போதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுபோய்க் காட்டிய இடங்களில் எல்லாம் கையை விரித்தார்கள்.

கட்டுரைகள் பத்திரிகைக் கோப்புகளில் இருந்தன, தேடி எடுத்துக்கொண்டேன். மீட்க முடியாமற் போனது ஒரு குரல். ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவருடன் நான் மூன்று மாலைகள் பேசிப் பதிவு செய்திருந்தேன். வன்தட்டுக்கு மாற்றிவிட்டோமே என்று, பூஞ்சணம் பிடித்த அந்த ஒலிநாடாக்களை நானே எறிந்திருந்தேன். அவரும் அதற்குள் காலமாகிவிட்டார்.

1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் உதிரும் ஏடுகளைக் கண்டு வருந்தியதை நம்மில் பலர் அறிவோம். எங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை நெடுங்காலம் நிலைப்பதில்லை. நம்மை வந்தடைந்த நூல்கள், ஓலை பிழைத்ததனால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர், ஓலை உதிருமுன் இன்னோர் ஓலையில் படியெடுத்து வைத்ததனால் வந்தவை. அந்தப் பழைய ஒழுக்கத்தை, விசிறி வைத்த பெட்டியை நம்பி நான் கைவிட்டிருந்தேன்.

காலம் இப்போது மாறிவிட்டது. விசிறி தேவைப்படாத 2.5 அங்குலத் தட்டு சட்டைப்பைக்குள் அடங்குகின்றது. 2013இல் ஹீலியம் வாயு நிரப்பிய வன்தட்டுகள் சந்தைக்கு வந்தன. காற்றிலும் ஏழில் ஒரு பங்கு அடர்த்தியே கொண்ட வாயுவாதலால் உராய்வும் சூடும் குறைந்தன. சுழலும் பாகமே இல்லாத திண்மச் சேமிப்பகங்களும் பரவிவிட்டன. ஆயினும் மிக வேகமான அவற்றுக்கென்று விற்கப்படும் வெளிப்பெட்டிகள் சிலவற்றில் அதே சிறு விசிறி மீண்டும் வந்து குந்தியிருக்கின்றது! என் கோப்புகள் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கடல் கடந்து மகளின் வீட்டில்.

அந்த அச்சுக்கோப்பாளரிடம் பேசியபோது எழுதிய குறிப்புகளில் இரண்டு பக்கங்கள் மட்டும் என் கொப்பியில் எஞ்சியுள்ளன. மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் 'ண'வையும் 'ன'வையும் விரல் நுனியால் தடவியே பிரித்தறிவேன் என்று அவர் சொன்னது அதில் இருக்கின்றது. எந்தக் குரலில், எவ்வளவு பெருமிதத்துடன் அதனைச் சொன்னார் என்பதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் அவ்வாறான குரல் ஒன்று ஒரே பெட்டிக்குள் இருக்குமாயின், இன்றிரவே அதற்கு இன்னொரு படி எடுத்து வையுங்கள்.