பிரித்தானியத் தொலைக்காட்சி விளம்பரங்களும் மலரும் நினைவுகளும்

பிரித்தானியத் தொலைக்காட்சி விளம்பரம் 1955 செப்டம்பர் 22 அன்று, லண்டனில் ஐ.டி.வி. என்ற வணிக அலைவரிசையின் ஒளிபரப்புடன் பிறந்தது. அந்தந்தக் காலத்தில் பொருள் விற்க எடுக்கப்பட்ட இந்தக் குறும்படங்கள், முன்னிரவு நிகழ்ச்சிகளோடு சேர்ந்து, பிற்காலத்தில் அந்நாட்டினரின் மலரும் நினைவுகளாயின. இரண்டு மூன்று அலைவரிசைகளையே நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்த வழக்கமும், அக்காலப் பதிவுகளில் பல அழிந்துபோனதும் இந்த ஏக்கத்துக்கு அடிப்படை.

தொடக்கம்

பி.பி.சி. 1936 நவம்பர் 2 அன்று அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. போரால் 1939இல் நின்ற சேவை 1946 ஜூனில் திரும்பியது. பார்வையாளர் செலுத்தும் உரிமக் கட்டணமே அதன் வருவாய்; விளம்பரத்துக்கு இடமில்லை.

1950களின் தொடக்கத்தில் வணிகத் தொலைக்காட்சி வேண்டுமா என்ற விவாதம் மூண்டது. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை 1953 ஜூன் 2 அன்று காட்டிய அமெரிக்காவின் என்.பி.சி., அதே நிகழ்ச்சியில் ஜே. ஃபிரெட் மக்ஸ் என்ற சிம்பன்சியையும் திரையில் தோன்றவைத்தது. வணிகத்தை உள்ளே விட்டால் இதுதான் கதி என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர். 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் அனுமதியும் தந்தது, கடிவாளமும் போட்டது. நிகழ்ச்சிகளை நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தம் பெயரில் நடத்த முடியாது. விளம்பரம் நிகழ்ச்சியோடு கலவாமல் தனித்துத் தெரிய வேண்டும். இயல்பான இடைவேளைகளில் மட்டுமே அது வர வேண்டும். விளம்பர நேரம் மணிக்குச் சராசரி 6 நிமிடம் என்று வரையறுக்கப்பட்டது.

முதல் விளம்பரம் கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசைக்கு உரியது. பனிக்கட்டிக்குள் உறைந்த பற்பசைக் குழாயை அது காட்டியது. அதே மாலை பி.பி.சி. வானொலியின் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரம் தீவிபத்தில் சாகவே, மறுநாள் பேச்செல்லாம் அந்தச் சாவைப் பற்றியதாயிற்று. எதிர்ப்பாளர்கள் அஞ்சிய சிம்பன்சியும் வந்து சேர்ந்தது. 1956இல் பி.ஜி. டிப்ஸ் தேயிலை விளம்பரத்தில் சிம்பன்சிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்தின. அந்த வரிசை 2002 வரை நீடித்தது.

முன்னிரவு நேரம்

தொடக்கத்தில் மாலை 6 முதல் 7 மணி வரை திரை இருண்டிருக்கும். பெற்றோர் குழந்தைகளைத் தூங்கவைக்கட்டும் என்பதற்காக விடப்பட்ட இடைவெளி இது. உரிமக் கட்டணத்தில் இயங்கிய பி.பி.சி.க்கு இதனால் இழப்பில்லை. விளம்பரத்தை நம்பிய ஐ.டி.வி.க்கோ அந்த ஒரு மணி நேரம் கைவிட்டுப் போன வருவாய். 1957 பிப்ரவரியில் இடைவெளி நீக்கப்பட்டது. 1960 டிசம்பர் 9 அன்று ஐ.டி.வி.யின் கிரானடா நிறுவனம் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரைத் தொடங்கியது. 1964இல் பி.பி.சி. 2, 1982 நவம்பரில் சேனல் 4 வந்தன. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் நாட்டுக்கு மூன்றே அலைவரிசைகள். அவற்றில் விளம்பரம் வந்தது ஒன்றில் மட்டுமே. 1973 டிசம்பரில் எரிபொருள் நெருக்கடி காரணமாக இரவு 10.30 மணிக்கே ஒளிபரப்பை முடிக்குமாறு அரசு ஆணையிட்டபோது, நாட்டின் இரவும் அந்நேரத்திலேயே முடிந்தது.

ஒன்றாகப் பார்த்ததன் தடம் மின்கட்டமைப்பிலும் பதிந்தது. பெருநிகழ்ச்சி முடிந்தாலோ விளம்பர இடைவேளை வந்தாலோ இலட்சக்கணக்கான வீடுகளில் தேநீருக்கு மின்கெண்டி ஏறும். மின்தேவை சட்டென எகிறும். 1990 ஜூலை 4 அன்று இங்கிலாந்து–மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை அரையிறுதி முடிந்ததும் தேவை 2,800 மெகாவாட் உயர்ந்தது. மின் பொறியாளர்கள் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தனர். வேல்ஸின் டினார்விக் நீரேற்று மின்நிலையம் இத்தகைய திடீர்த் தேவைகளுக்கு நொடிக்கணக்கில் ஈடுகொடுக்கக்கூடியது.

விற்கப்பட்ட ஏக்கம்

சிகரெட் விளம்பரம் 1965 ஆகஸ்டில் திரையிலிருந்து விலக்கப்பட்டது. சுருட்டு விளம்பரம் 1991 வரை தொடர்ந்தது. 1969 நவம்பர் 15 அன்று ஐ.டி.வி. வண்ணத்துக்கு மாறியது. அதன்பின் ரிட்லி ஸ்காட், ஆலன் பார்க்கர் போன்ற பிற்காலத் திரைப்பட இயக்குநர்கள் விளம்பரத்தில் கைதேர்ந்தனர். உருளைக்கிழங்கை வேகவைத்து மசிக்கும் மனிதரைக் கண்டு சிரித்த 'ஸ்மாஷ்' பொடியின் செவ்வாய்க்கிரக இயந்திர மனிதர்களும், 1987 முதல் 1993 வரை 12 பகுதிகளாகக் காதல் வளர்த்த கோல்ட் பிளெண்ட் காப்பி விளம்பர ஜோடியும் வீட்டுப் பேச்சில் இடம்பிடித்தன.

இவற்றுள் தனித்து நிற்பது ரிட்லி ஸ்காட் 1973இல் எடுத்த ஹோவிஸ் ரொட்டி விளம்பரம். கற்கள் பாவிய செங்குத்துத் தெருவில் ஒரு சிறுவன் ரொட்டிக் கூடையுடன் மிதிவண்டியைத் தள்ளி ஏறுகிறான். வயதான பின் அந்நாளை நினைத்துப் பேசும் குரல் கேட்கிறது. வட இங்கிலாந்தின் சுரங்க ஊர்களை நினைவூட்டும் பித்தளை வாத்திய இசையால், பலர் அதை வடக்கத்தி ஊர் என்றே நம்பினர். உண்மையில் அது தெற்கே டோர்செட்டில், ஷாஃப்ட்ஸ்பரி நகரின் கோல்ட் ஹில். இசையோ செக் நாட்டவரான துவோர்ஷாக் 1893இல் அமெரிக்காவில் இயற்றிய சிம்பொனியிலிருந்து எடுத்தது. எந்த ஊரிலும் ஒன்றாக இருந்திராத இக்கூறுகளைக் கோத்து, பார்வையாளர் பலர் வாழ்ந்தே இராத ஓர் இளமைக்கு விளம்பரம் அவர்களை ஏங்கவைத்தது. 2006இல் நடந்த வாக்கெடுப்பொன்றில் பிரித்தானியரின் மனம்கவர்ந்த விளம்பரமாக இது தேர்வானது. 2008இல் அதே நிறுவனம், தன் 122 ஆண்டுகளையும் ஒரு சிறுவன் ஓடிக் கடக்கும் 122 வினாடி விளம்பரத்தை வெளியிட்டது.

அழிந்ததும் எஞ்சியதும்

அக்கால ஒளிநாடா விலை உயர்ந்தது. அழித்து மீண்டும் பதியலாம் என்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. நிகழ்ச்சிகளை முறையாகக் காக்கும் கொள்கையை பி.பி.சி. வகுத்தது 1978இல்தான். அதற்குள் 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களைச் சேர்ந்த 90க்கும் மேற்பட்ட பகுதிகள் உட்படப் பலவும் மறைந்தன. விளம்பரங்கள் பெரும்பாலும் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. 1976இல் நிறுவப்பட்ட விளம்பர வரலாற்று அறக்கட்டளை அவற்றைச் சேகரித்து வருகிறது.

1970களின் இறுதியில் வீடுகளுக்கு வந்த வீடியோ பதிவுக்கருவி எதிர்பாராத காப்பகமானது. விளம்பரம் வந்ததும் பதிவை நிறுத்தியவர்களிடம் நாடகம் மட்டும் மிஞ்சியது. நிறுத்த மறந்தவர்களின் நாடாக்களில் அந்த மாலை முழுமையாகத் தங்கிவிட்டது.

மீள்பார்வை

யூ.கே. கோல்ட் 1992 நவம்பரில் பழைய நிகழ்ச்சிகளுக்கென்றே தொடங்கப்பட்டது. காணாமற்போன நிகழ்ச்சிகள் மீட்கப்படும்போது அவற்றைத் திரையிடும் விழாவை பிரித்தானியத் திரைப்படக் கழகம் 1993 முதல் நடத்துகிறது. 2000இல் சேனல் 4 மிகச் சிறந்த 100 விளம்பரங்களைத் தரவரிசைப்படுத்தியபோது, ஜோனத்தன் கிளேசர் 1999இல் எடுத்த கின்னஸ் பீர் விளம்பரம் முதலிடம் பெற்றது. ஒருகாலத்தில் தேநீர் போட எழுந்து சென்ற இடைவேளையே அன்று நிகழ்ச்சியானது. 1973ஆம் ஆண்டின் ஹோவிஸ் விளம்பரத்தை பிரித்தானியத் திரைப்படக் கழகம் 2019இல் படச்சுருளிலிருந்து புதுப்பித்தது.